பல்லுக்கடையும் மூணாம் நம்பர் மெஷினும்

போர்வையை உதறக் கூடாது. உதறினால் கிருமி பறக்கும். மேஜைமேல் விரித்து, கையுறை போட்ட உள்ளங்கையால் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு தடவு தடவி, உள்பக்கமாகச் சுருட்ட வேண்டும். தலையணை உறை என்றால் முழங்கை வரை கையை விட்டு இரண்டு மூலையையும் துழாவ வேண்டும். அந்தச் சனிக்கிழமை காலை அவள் கைகள் இதைத்தான் செய்துகொண்டிருந்தன. இருபத்தாறு வருஷமாக இதுதான் வேலை. கண் எங்கேயோ இருக்கும், வாய் யாரையாவது வைதுகொண்டிருக்கும், கை மட்டும் தன்பாட்டுக்குத் தேடும்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் தேடினால் கிடைக்காதது கிடையாது. மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி, மோதிரம், பாதி கடித்த பிஸ்கட். குழந்தைகள் வார்டிலிருந்து ஒருமுறை உயிரோடு ஒரு ஆமைக்குட்டி வந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது பல்செட்டு. வயதானவர்கள் சாப்பிட்டதும் பல்லைக் கழற்றி, கைக்குக் கிடைத்த துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். துணி மாற்ற வருகிறவள் மொத்தமாகச் சுருட்டிக்கொண்டு போவாள். அப்புறம் பல்லைக் காணோம் என்று வார்டே தலைகீழாகும். இது சிரிக்கிற விஷயமில்லை. பல் போனால் சாப்பாடு போகும், சாப்பாடு போனால் தெம்பு போகும், நாலு நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர் நாற்பது நாள் கிடப்பார்.

அதனால் அவள் கண்டெடுத்த ஒவ்வொரு பல்லையும் கழுவி, மூடி போட்ட டப்பாவில் வைத்து, எந்த வார்டு, எந்தக் கட்டில், என்ன தேதி என்று சீட்டு எழுதி ஒட்டி மேலே அனுப்புவாள். ஆள் தெரியாத பல்லெல்லாம் அலமாரியில் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் இருக்கும். அன்றைய நிலவரப்படி பதினாலு செட்டு. பெரிய டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை அவளைப் பல்லுக்கடை என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அக்கா. முதுகு திரும்பினால் பல்லுக்கடை. அவளுக்கும் தெரியும்.

ஒவ்வொரு வார்டிலும் அவள் கைப்பட எழுதிய அட்டை தொங்கியது. "பல்லைத் துணியில் சுற்றாதீர்கள். டப்பாவில் போடுங்கள். இப்படிக்கு, சலவைக்கூடம்." புதிதாகச் சேரும் நர்சுகள் முதல் நாளே அவளிடம் வந்து ஐந்து நிமிஷம் திட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். தப்புச் செய்த பிறகு திட்டுவதில் என்ன லாபம், முன்னாலேயே திட்டிவிட்டால் தப்பு நடக்காது என்பது அவள் கட்சி.

இது பாதிக் கதை. மீதிப் பாதி கிளாரினெட்.

அவளுக்கு நாற்பத்தோரு வயதிருக்கும்போது தம்பி ஒரு கிளாரினெட் வாங்கினான். பேண்டில் சேர்ந்து ஊர் ஊராகப் போகப் போகிறேன் என்றான். இரண்டு மாதத்தில் மூச்சு வாங்கிவிட்டது. "பரண்மேல போட்டு வைக்கா" என்று அவள் வீட்டில் கொண்டுவந்து தள்ளினான். சும்மா கிடக்கிற பொருளைப் பார்த்தால் அவளுக்குக் கை நமநமக்கும். வீட்டில் ஊத முடியாது. கணவர் லாரி ஓட்டுகிறவர், பகலில்தான் தூங்குவார். ஆகவே அதைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப் போனாள்.

கற்றுக்குட்டிக்கு அதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது. மூன்று பெரிய மெஷின்கள். அதில் மூணாம் நம்பர் துணி பிழியும்போது பதினாறு நிமிஷம் கூரை அதிரும். அந்தப் பதினாறு நிமிஷமும் அவள் எவ்வளவு கீச்சிட்டாலும் கேட்க நாதியில்லை. சமையல்கூடத்தில் அக்கார்டியன் வாசிக்கத் தெரிந்த சமையல்காரர் ஒருவர் இருந்தார். எந்தத் துளையை மூடினால் எந்தச் சுரம் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். தாளம் சொல்லிக்கொடுத்தது மூணாம் நம்பர்தான். அதற்கு ஒரு கால் நொண்டி. தொம், தொம், தொம் என்று மூன்று அடி வரும், நாலாவது அடி வராது, ஒரு இடைவெளி, அப்புறம் தாமதமாக ஒரு தக். மெக்கானிக் மூன்று தடவை வந்து பார்த்துவிட்டு, "இது குணம்மா, கோளாறு இல்ல" என்று போய்விட்டார். அவளும் அந்த நொண்டி நடையோடேயே வாசிக்கப் பழகிவிட்டாள். நேரான தாளத்தில் வாசிக்கச் சொன்னால் சற்றுத் தடுமாறுவாள்.

ஒருநாள் ஆம்புலன்ஸ் டிரைவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தான்.

"என்னக்கா, யாரையோ கழுத்தை நெரிக்கிறாங்கன்னு நினைச்சு ஸ்ட்ரெச்சரோட வந்தேன்!"

"வந்தது வந்துட்ட. அந்த வாளியைக் கவுத்துப் போட்டுத் தட்டு" என்றாள்.

அப்படிப் பிறந்ததுதான் ஆஸ்பத்திரி பேண்ட். டிரைவர் டிரம், சமையல்காரர் அக்கார்டியன், மருந்துக் கவுண்டரில் இருந்த பெண் கிட்டார், இவள் கிளாரினெட்.

அந்த ஊரில் வருஷத்துக்கு ஒருநாள் சாயங்காலம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் இசை விழா நடக்கும். இரண்டு லாரிகளின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தினால் மேடை. ஊர்க்காரர்கள்தான் வாசிப்பார்கள், ஊர்க்காரர்கள்தான் கேட்பார்கள். ஏழு குழு, ஆளுக்கு ஒரு பாட்டு. ஆஸ்பத்திரி பேண்டுக்கு ஒன்பது வருஷமாக முதல் இடம். முதல் இடம் என்றால் மரியாதை என்று நினைத்துவிடக் கூடாது. அப்போது நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள், மைக்செட்காரர் "ஹலோ ஹலோ" சொல்லிக்கொண்டிருப்பார், முன்வரிசையில் இரண்டு நாய் உட்கார்ந்து கேட்கும். கடைசி இடம்தான் இடம். ஊரே திரண்டிருக்கும், கைதட்டி "இன்னொண்ணு" என்று கேட்கும். இந்த வருஷம் முதல்முறையாக ஆஸ்பத்திரிக்குக் கடைசி இடம் கிடைத்திருந்தது. காரணம், அவள் சொந்தமாகக் கட்டிய பாட்டு ஒன்று. "மூணாம் நம்பர் மெஷின்" என்று பெயர். ஆறு நிமிஷம், முழுக்க அந்த நொண்டி நடை. ஒத்திகையில் கேட்ட விழாக் குழுவினர் ஒருவரும் கால் ஆட்டாமல் இருக்கவில்லை. கிளாரினெட் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு இல்லை. அந்தப் பாட்டு இல்லாவிட்டால் கடைசி இடமும் இல்லை.

இதற்கு நடுவில் அவளுக்கே பல் போயிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் மேல் வரிசை முழுக்கப் பிடுங்கி செட்டுக் கட்டினார்கள். பல் டாக்டர் கடிக்கச் சொன்னார், கடித்தாள்; சிரிக்கச் சொன்னார், சிரித்தாள்; நல்லா இருக்கு என்று அனுப்பிவிட்டார். கிளாரினெட் வாசிக்கும்போது மேல் பல், வாயில் வைத்து ஊதுகிற முனையான மவுத்பீஸ்மேல் உட்கார வேண்டும். முன்பக்கம் அழுத்தினால் செட்டு பின்பக்கம் கழன்று கடகடவென்று ஆடியது. ஆறு மாதம் விடாமல் மல்லுக்கட்டி, நாக்கால் முட்டுக்கொடுத்து, எப்படியோ அதையும் வழிக்குக் கொண்டுவந்தாள். வலது ஈறில் மட்டும் ஒரு புண் ஆறாமல் நின்றது. அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் பல்லைக் கழற்றி வைப்பாள். டப்பாவில்தான் வைப்பாள். அவள் போய் வேறெதில் வைப்பாள்?

விழா நாளான அந்தச் சனிக்கிழமை காலை ஆபரேஷனுக்குப் போகிற ஒரு கிழவருக்கு டப்பா இல்லையென்று வார்டிலிருந்து ஆள் வந்தது. தன் டப்பாவைக் கழுவிக் கொடுத்து அனுப்பினாள். மத்தியானம் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டாள். ஈறு சுள்ளென்றது. ஐந்தே நிமிஷம்தானே என்று பல்லைக் கழற்றி, ஒரு சின்னத் துண்டில் சுற்றி, மேஜைமேல் வைத்தாள்.

வைத்தது இடதுபக்கம்.

அந்த மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. வலதுபக்கம் இருப்பது பார்க்காத துணி, இடதுபக்கம் இருப்பது பார்த்த துணி. இடதுபக்கத்தை யாரும் திரும்பத் தடவிப் பார்க்கக் கூடாது, நேரே மெஷின். சட்டம் போட்டது அவள்தான். பின்பற்றியது அவள் கூட வேலை பார்த்த பெண். துணி மடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, அதனால் மடிப்பு என்று பெயர். அந்த நேரம் பார்த்து டிரைவர் போன் செய்தான். டிரம்மை ஆம்புலன்சில் ஏற்றலாமா, வழியில் நோயாளி வந்தால் டிரம்மை எங்கே இறக்குவது என்று கால்மணி நேரம் ஆலோசனை. பேசி முடித்துத் திரும்பினால் மேஜை துடைத்து வைத்தாற்போல் காலி. மூணாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இங்க ஒரு துண்டு இருந்துச்சே?"

"போட்டாச்சுக்கா."

"எங்க போட்டாச்சு?"

மடிப்பு மெஷினைக் காட்டினாள். பிறகு அக்காவின் வாயைப் பார்த்தாள். பிறகு தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா... இடதுபக்கம் இருந்துச்சுக்கா. இடதுபக்கம் பாத்ததுன்னு நீங்கதானே..."

"பேசாதே. நீ செஞ்சது சரி. அதான் எனக்கு வயித்தெரிச்சல்."

அந்த மெஷின் கதவு பூட்டிக்கொண்டால் தண்ணீர் வடியும்வரை திறக்காது. கிருமி சாக வேண்டும் என்று எழுபத்தைந்து டிகிரி வரை சூடாக்கும். இருவரும் வட்டக் கண்ணாடி முன்னால் நின்றார்கள். நுரைக்குள் போர்வை புரண்டது, உறை புரண்டது. ஒருமுறை பல்செட்டு கண்ணாடியோரம் வந்து, அகலமாகச் சிரித்துவிட்டு, மறுபடி உள்ளே போனது.

"நல்லாத்தான் இருக்கு போல. சிரிக்குதே" என்றாள் மடிப்பு.

வெளியே எடுத்தபோது வெளேரென்று இருந்தது. வாயில் வைத்தால் உட்காரவில்லை. சூட்டில் முறுக்கிக்கொண்டு, வலதுபக்கம் ஒட்டினால் இடதுபக்கம் எழும்பி நின்றது. பல் டாக்டர் சனிக்கிழமை மத்தியானமே கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். திங்கட்கிழமை வரை வரமாட்டார்.

இரண்டு மணிக்கு பேண்ட் முழுக்க சலவைக்கூடத்தில் கூடிவிட்டது. மருந்துக் கவுண்டர் பெண் பல் ஒட்டும் பசை ஒரு டியூப் முழுக்கக் கொண்டுவந்தாள். பாதி டியூப் போட்டும் வாய்தான் ஒட்டிக்கொண்டது, பல் ஒட்டவில்லை. டிரைவர் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த டின்னுல பதினாலு செட்டு சும்மாதானே இருக்கு? ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தா..."

"செருப்புக் கடையா இது?" என்று அவள் சீறினாள். பல்லில்லாத சீறல் என்றாலும் அவன் இரண்டடி பின்வாங்கினான். "அவங்கவங்க வாய் அவங்கவங்களுக்கு. உன் டிரம் குச்சியை நான் காது குடைய எடுத்தா விடுவியா?"

"அப்ப பழைய பாட்டு ஒண்ணையே வாசிச்சிடலாம்" என்றார் சமையல்காரர். "கடைசி இடத்தை வேற யாருக்காவது குடுத்துட்டு நாமளே முதல்ல வாசிச்சிட்டு வந்துடலாம். நாய்ங்களுக்கு நம்மளை ஏற்கெனவே தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் கிளாரினெட் பெட்டியை எடுத்துக்கொண்டு இஸ்திரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வெறும் ஈறை மவுத்பீஸ்மேல் வைத்தாள். வலி உச்சந்தலைக்கு ஏறியது. சத்தம் கீச்சென்று வந்தது. இன்னொருமுறை. அதே கீச்சு. சுவரில் ஒரு கண்ணாடி இருந்தது. அதைப் பார்த்தாள். மேலுதடு உள்ளே விழுந்து, மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டிருந்தன. முப்பது வருஷ ஆஸ்பத்திரி வேலையில் எத்தனையோ பொக்கை வாய்களைப் பார்த்தவள்; ஒன்றைக்கூட அசிங்கம் என்று நினைத்ததில்லை. தன் வாயை அப்படிப் பார்க்க மட்டும் முடியவில்லை. ஊரே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்ததும் காது சூடாகியது. கண்ணாடிமேல் ஒரு தலையணை உறையைப் போட்டு மூடினாள். அழுதெல்லாம் நேரத்தைக் கழிக்கவில்லை.

சலவைக்கூடத்துக்கு வருவதற்கு முன்னால் அவள் நாலு வருஷம் வார்டில் உதவியாளாக இருந்தாள். பல்லில்லாத கிழவர்களுக்குக் கஞ்சியும் சூப்பும் குழல் வைத்துப் புகட்டியிருக்கிறாள். பல் இருக்கிறவன் குழலைக் கடிப்பான், ஓரத்தில் ஒழுகும். பல் இல்லாதவர் இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக் குழலைக் கவ்வினால் ஒரு சொட்டு வெளியே வராது. அந்தப் பிடி நினைவுக்கு வந்தது. மேலுதட்டை ஈறுக்கு அடியில் மடித்தாள். கீழுதட்டையும் மடித்தாள். மவுத்பீஸைக் குழல் மாதிரி கவ்வி ஊதினாள்.

வந்தது. முன்னைவிடச் சத்தம் குறைவு, ஆனால் முனை மழுங்கின, உருண்டையான சத்தம். இருட்டு அறையில் யாரோ பக்கத்தில் வந்து பேசுகிற மாதிரி. செட்டு ஆடவில்லை, ஏனென்றால் ஆடுவதற்குச் செட்டே இல்லை.

வெளியே மூணாம் நம்பரைத் தவிர எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்த டிரைவர், "அக்கா, இந்தச் சத்தத்தை இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றான்.

"பல்லுக்குப் பின்னால" என்றாள்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. மூன்றரை நிமிஷத்தில் மேலுதடு மரத்துப் போனது. நாலாவது நிமிஷத்தில் காற்று ஓரத்தில் புஸ்ஸென்று தப்பியது. பாட்டோ ஆறு நிமிஷம். மூன்று தடவை வாசித்துப் பார்த்தாள். மூன்று தடவையும் நாலாவது நிமிஷத்தில் அதே புஸ். இதற்குமேல் பார்த்தால் சாயங்காலத்துக்கு உதடே மிஞ்சாது என்று பெட்டியை மூடினாள்.

நாலு மணிக்கு வீட்டுக்குப் போனாள். முழங்கால் போய், லாரியை விட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்ட கணவர் வாசலிலேயே காத்திருந்தார். செய்தி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது.

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க" என்றார். "எனக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லையா?"

"சிரிங்க. ஊரே சிரிக்கப்போகுது, நீங்க முதல்ல ஆரம்பிச்சு வைங்க."

"எட்டு மாசமா ராத்திரி இந்த வாயைத்தானே பாக்கறேன். பயந்து ஓடிட்டேனா?"

"உங்க முழங்காலை வச்சுக்கிட்டு எங்க ஓடுறது?"

அவர் சிரித்து முடித்துவிட்டு, தன் மடக்கு நாற்காலியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "முன்வரிசையில நடுவுல போட்டு உக்காரப் போறேன். யாரையும் பாக்க வேணாம், என்னைப் பாத்து வாசி. நான் பாக்காத வாயா?"

வெயில் சாய்ந்தபோது மைதானம் நிறைந்திருந்தது. முதலில் வந்தது பள்ளிக்கூடச் சிறுமிகள் பன்னிரண்டு பேர். பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு அடித்த அடியில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் இடம் மாறியது. அடுத்தது முடிதிருத்தும் அண்ணன் தம்பி. இருவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இருந்தாலும் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு மாண்டலினும் இம்மி பிசகாமல் சேர்ந்து ஓடின. பாட்டு முடிந்ததும் தம்பி மறந்துபோய், "நல்லா எடுத்தீங்கண்ணே" என்றுவிட்டான். கூட்டம் அதற்குத்தான் அதிகம் கைதட்டியது. கறிக்கடைக்காரர் சீழ்க்கை அடித்தே ஒரு தாலாட்டு வாசித்தார். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சன்னமாக ஒன்று வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு கைக்குழந்தை நிஜமாகவே தூங்கிப்போனது. மீன் சந்தைப் பெண்கள் நாலு பேர் ஒருத்தியை ஒருத்தி பாட்டாலேயே திட்டிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு குழுவையும் மைக்கில் அறிமுகம் செய்தது அவள் நாத்தனார், கணவரின் தங்கை. ரொட்டிக்கடை நடத்துகிறவள். எடுப்பான புடவை, எடுப்பான குரல், வரிசையான பல். மேடை ஏறுகிற ஒவ்வொரு குழுவின் தலைமை ஆளிடமும், என்ன பாட்டு, எப்படிப் பிறந்தது என்று மைக்கை நீட்டிக் கேட்பாள். பதில் சொல்லாமல் யாரும் வாசிக்க முடியாது. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் முப்பது வருஷமாக ஒரு மெல்லிய உரசல். ஒருத்தி சமையல் ஒருத்திக்குப் பிடிக்காது, ஒருத்தி கோலம் போட்டால் ஒருத்தி அழித்துப் பார்ப்பாள் என்கிற மாதிரி.

ஆறாவது குழு மேடையில் இருந்தபோது நாத்தனார் லாரிக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கம் வந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் இப்படி வாங்க."

"இங்கயே சொல்லு."

"இங்க வேணாம்."

டயர் ஓரத்தில் ஒதுங்கினார்கள். நாத்தனார் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்து, "என்னோடதைப் போட்டுக்கறீங்களா?" என்றாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் பித்தப்பைக் கல்லுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அப்போது ஒரு தலையணை உறைக்குள் ஒரு செட்டுக் கிடைத்தது. எந்தக் கட்டில் என்று பார்த்ததும் பல்லுக்கடை அதற்குச் சீட்டு எழுதவில்லை. கழுவி, கைக்குள் மறைத்து எடுத்துப்போய், தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் அடியில் வைத்துவிட்டு வந்தாள். இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கட்டிய புருஷனுக்குக்கூடத் தெரியாது. இப்போதுதான் முதல்முறையாக அந்தப் பேச்சு வருகிறது.

பல்லுக்கடை தலையை ஆட்டி மறுத்தாள்.

"உன் பல்லைப் போட்டா உன் பேச்சும் சேர்ந்து வந்துடும். அதை யார் தாங்கறது?"

நாத்தனார் சிரித்த சிரிப்பில் டயரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, மைக்குல உங்களை மட்டும் ஒண்ணும் கேக்காம விட்டுடறேன்" என்றாள்.

"ஏன் விடணும்? எல்லாரையும் கேட்ட. என்னை விட்டா என்னமோ இருக்குன்னு ஊரு மோந்து பாக்கும். கேளு."

கேட்டாள். மேடை ஏறியதும் மைக்கை நீட்டி, அவள் வழக்கமான எடுப்புக் குரலில், "அண்ணி, இந்தப் பாட்டு எப்படிப் பிறந்துச்சு?" என்றாள்.

பல்லுக்கடை, முன்வரிசை நடுவில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"எங்க மூணாம் நம்பர் மெஷின்ல பிறந்துச்சு. இன்னைக்கு மத்தியானம் என் பல்லும் அதே மெஷின்ல போயிடுச்சு. துணியில சுத்தாதீங்கன்னு உங்க எல்லாருக்கும் சொன்னேன், நான் சுத்தினேன். இப்ப உள்ளது உதடுதான். அதை வச்சு வாசிக்கிறேன்."

முதலில் பின்வரிசையில் நர்சுகள் ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தியும் அவளிடம் முதல் நாள் திட்டு வாங்கியவள். சிரிப்பு முன்வரிசைவரை அலையாக வந்து மேடையில் மோதியது. ஒரு கிழவர் எழுந்து, "எங்களுக்கும் அதே வாய்தான்மா, தைரியமா வாசி!" என்று கத்தினார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயை மடித்து உள்ளே இழுக்க ஒரு நிமிஷம் பிடித்தது.

டிரைவர் ஆரம்பித்தான். தொம், தொம், தொம், இடைவெளி, தக். அக்கார்டியன் அதன்கீழ் மூச்சுவிட்டது. அவள் அந்த இடைவெளிக்குள் நுழைந்தாள்.

உருண்டைச் சத்தம் மைக்கில் இன்னும் உருண்டையாகக் கேட்டது. இரண்டாவது சுற்றில் கால்கள் ஆட ஆரம்பித்தன. ஊரில் எல்லாருமே எப்போதாவது ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள், அல்லது படுத்தவருக்குத் துணைக்கு இருந்தவர்கள். சுவருக்கு அப்பால் பகலெல்லாம் கேட்டுக்கொண்டேயிருந்த அந்த நொண்டிச் சத்தத்தை அவர்கள் காது அடையாளம் கண்டுகொண்டது. மூன்றாவது சுற்றில் அந்தத் தாமதமான 'தக்' வரும் இடத்தில் மைதானமே ஒரு கை தட்டியது. நாலாவது நிமிஷம் நெருங்கியது. உதடு மரத்தது. காற்று ஓரத்தில் கசிய ஆரம்பித்தது. இன்னும் ஒரு வரியில் புஸ்ஸென்று போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. டிரைவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் பதினைந்து வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். பின்னால் படுத்திருப்பவரின் மூச்சை வைத்தே வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்தவன். தொம், தொம், தொம் என்று அடித்துவிட்டு இடைவெளியை நீட்டினான். நீட்டிக்கொண்டே போனான். கூட்டம் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தது. 'தக்' வரவில்லை. ஒரு குழந்தை பொறுக்கமாட்டாமல் "தக்!" என்று கத்தியது. அவ்வளவுதான், ஊரே கத்தியது. அடுத்த சுற்றில் டிரைவர் இன்னும் நீட்டினான், ஊர் இன்னும் பலமாகக் கத்தியது. ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் உதட்டை வெளியே எடுத்து, நாக்கால் நனைத்து, ரத்தம் ஓடவிட்டு, மறுபடி மடித்துக் கவ்வினாள். சமையல்காரர் சுதாரித்துக்கொண்டு பாதி வரிகளைத் தன்பக்கம் வாங்கிக்கொண்டார். ஆறு நிமிஷப் பாட்டு ஒன்பது நிமிஷம் ஓடியது. கடைசி வரியை அவள் கசியாமல், பிசிறாமல், முழுதாக வாசித்து முடித்தாள். கடைசித் 'தக்'கை மூணாம் நம்பரே அடித்திருந்தால்கூட அவ்வளவு சத்தம் வந்திருக்காது.

"இன்னொண்ணு! இன்னொண்ணு!"

அவள் வாயைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். நாத்தனார் மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்க அண்ணிக்கு மிஞ்சினது உதடு ஒண்ணுதான். அதையும் வேணும்னு கேட்டா எங்க அண்ணன் கதி என்ன ஆகும்?"

மடக்கு நாற்காலி சிரிப்பில் சாய்ந்து, பக்கத்தில் இருந்தவர் பிடிக்காவிட்டால் விழுந்திருக்கும். ஆனாலும் கூட்டம் கலையவில்லை. கடைசியில் டிரைவர் டிரம்மைத் தொடங்க, பாட்டை ஊரே லலலா என்று பாடியது; அவள் கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு 'தக்' மட்டும் கை தட்டினாள். முடிதிருத்தும் அண்ணன் தம்பி இருவரும் இந்தமுறை எதிரெதிராக நின்று மாண்டலின் வாசித்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நோய்க்கு ஞாயிறு கிடையாது, ஆகவே சலவைக்கும் கிடையாது. அவள் ஏழு மணிக்கு வந்தாள். உதடு இரண்டும் வீங்கி, தேனீ கொட்டினாற்போல் இருந்தன. ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து விழுங்கினாள். ரொட்டியை நாத்தனார் காலையிலேயே கொடுத்தனுப்பியிருந்தாள், ஓரமெல்லாம் நறுக்கி எடுத்துவிட்டு.

பிறகு தன் பல்செட்டை ஒரு டப்பாவில் வைத்து, மற்ற பல்லுக்கெல்லாம் எழுதுவதுபோலவே ஒரு சீட்டு எழுதினாள். தேதி. கிடைத்த இடம், மூணாம் நம்பர் மெஷின். உரியவர், சலவைக்கூடம். அதைப் பிஸ்கட் டின்னில் போடவில்லை. கிளாரினெட்டின் மவுத்பீஸைக் கழற்றி, துடைத்து, டப்பாவோடு சேர்த்து ரப்பர் பாண்ட் போட்டாள். திங்கட்கிழமை கதவு திறந்ததும் முதல் ஆளாகக் கையில் கிடைக்கட்டும் என்று பல் பிரிவின் வாசல் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். கூட ஒரு குறிப்பு:

"டாக்டர் ஐயாவுக்கு. புதுசு கட்டும்போது கடிச்சுப் பாக்கச் சொல்லாதீங்க. ஊதிப் பாக்கச் சொல்லுங்க."

திரும்பி வந்து, கையுறையை மாட்டிக்கொண்டு, அன்றைய முதல் மூட்டையை அவிழ்த்து வலதுபக்கம் கொட்டினாள்.